போனும் பிள்ளையின் படிப்பும்: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முன்பெல்லாம் பெற்றோர் கூட்டம் என்றால் புள்ளி, வரவு, சப்பாத்து என்றுதான் கதை போகும். இப்போது எங்கே தொடங்கினாலும் போனில்தான் வந்து நிற்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் படிப்பிக்கிற எங்களிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். இந்த விசயத்தில் கிடைக்கிற ஆலோசனைகள் பல "பிள்ளையின் அறை", "பிள்ளையின் ரப்லெட்" என்று தொடங்குகின்றன. எங்கள் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஒரு போன், அதற்கு நாலைந்து பேர். பதில்களும் அதற்கேற்றபடிதான் இருக்கும்.

நன்றாகப் படித்த பிள்ளை. இப்போது கொப்பியைத் தொடவே மனமில்லை. போன்தானே காரணம்?

போனுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் முழுப் பழியையும் அதன் தலையில் போட்டால் மற்றக் காரணங்கள் தப்பிவிடும்.

எங்கள் பிள்ளைகளின் கைக்குப் போன் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் பூட்டப்பட்டன. அதுவரை "போனைத் தொடாதே" என்று சொன்ன நாங்களே "போனைப் பார்" என்றோம். நேத்ரா தொலைக்காட்சியில் 'குருகெதர' பாடங்கள் போயின, வட்ஸ்அப்பில் குறிப்புகள் வந்தன, சிக்னல் இல்லாத ஊர்களில் பிள்ளைகள் குளக்கட்டில் ஏறி நின்றார்கள். 2021 நடுப்பகுதியில் ஆசிரியர் சம்பளப் போராட்டத்தோடு இணையவழி வகுப்பும் நின்றது. 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, பிறகு எரிபொருள் இல்லாமல் மறுபடி பாடசாலைப் பூட்டு. பாடம் விட்டு விட்டு வந்தது. போன் மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

அந்த வருடங்களில் தரம் 2, 3 இல் இருந்தவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழக வேண்டிய வயதினர். அவர்களில் சிலர் மேல்வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு பந்தியைத் தடக்காமல் வாசிக்கக் கஷ்டப்படுகிறார்கள். விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்தாலே வெட்கப்பட வேண்டியிருக்கிற பிள்ளை, வெட்கப்படுத்தாத ஒன்றைத் தேடிப் போகத்தான் செய்யும். போன் ஒருநாளும் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பதில்லை.

ஆகவே போனைப் பறிக்கமுதல் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு வகுத்தல் கணக்குக் கொடுங்கள். பிள்ளை அங்கே தடக்கினால், போனை அலுமாரியில் வைத்துப் பூட்டினாலும் கொப்பி திறபடாது. வகுப்பாசிரியரிடம் வந்து வாசிப்புக்கு உதவி கேளுங்கள். தடக்காமல் வாசிக்கிறது, கணக்கும் வருகிறது, ஆனாலும் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை என்றால், அப்போது போனைப் பற்றிக் கதைக்கலாம்.

இன்னொன்று. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2019இல் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை அலசினார்கள். மனநலத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில், தொழில்நுட்பப் பாவனையோடு தொடர்புபட்டது ஆகக்கூடியது 0.4 சதவீதம்தான். அது மனநலத்தைப் பற்றிய ஆய்வு, படிப்பைப் பற்றியது இல்லை. ஆனாலும் "போன் பிள்ளையை அழித்துவிட்டது" என்று மேடையில் முழங்குபவர்களைக் கேட்கும்போது அந்த எண் எனக்கு ஞாபகம் வரும். நான் பார்க்கிற அளவில், போனில் எத்தனை மணித்தியாலம் போனது என்பதைவிட, அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதுதான் பெரிய கேள்வி. நித்திரையிலிருந்தா, விளையாட்டிலிருந்தா, அல்லது கஷ்டமான கணக்கோடு மல்லுக்கட்டும் அந்தப் பத்து நிமிடத்திலிருந்தா?

கவனம் சிதறுகிறது என்கிறீர்கள். உள்ளே என்னதான் நடக்கிறது?

தரம் 9 பிள்ளை ஒன்று காரணிப்படுத்தல் செய்கிறது. x² + 7x + 12. பெருக்கினால் 12, கூட்டினால் 7 வரும் இரண்டு எண்கள் வேண்டும். 2உம் 6உம்? கூட்டினால் 8, சரிவராது. இந்த இடத்தில் போன் "டிங்" என்கிறது. வகுப்புக் குழுவில் யாரோ ஸ்டிக்கர் போட்டிருக்கிறார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது 2உம் 6உம் சரிவராது என்று கண்டுபிடித்தது மறந்துபோயிருக்கும். மறுபடி முதலிலிருந்து. இரண்டு முறை இப்படி நடந்தால் பிள்ளை, "எனக்குக் கணக்கு ஓடாது" என்று முடிவு கட்டிவிடும். கணக்கு ஓடவில்லை என்பது பொய். ஓட விடவில்லை.

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். ஒருமுறை கவனம் கலைந்த மாணவர் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு மடையைத் திறந்து வயல் நனையமுன் மூடிவிட்டு அடுத்த மடைக்கு ஓடினால், பொழுதுபடும்வரை ஓடினாலும் எந்த வயலிலும் தண்ணீர் நிற்காது.

குறுங்காணொளி இதில் தனி வகை. அடுத்தது நன்றாக இருக்குமா இல்லையா என்று முன்கூட்டித் தெரியாது, தள்ளினால்தான் தெரியும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஆளை அதிகம் கட்டிப்போடும் என்பது உளவியலில் பழைய செய்தி. அதோடு, பிடிக்காவிட்டால் ஒரு நொடியில் தள்ளிவிடலாம் என்ற பழக்கமும் ஏறுகிறது. வரலாற்றுப் பாடத்தை விரலால் தள்ள முடியாதே. நாற்பது நிமிடப் பாடம் அப்படிப்பட்ட பிள்ளைக்கு நாலு மணித்தியாலம் போல இழுபடும்.

போனைப் பக்கத்தில் சும்மா வைத்துக்கொண்டு படித்தால் என்ன?

அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தவர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், சத்தம் நிறுத்தப்பட்ட போனை மேசையில் வைத்திருந்தவர்களைவிட, வேறு அறையில் விட்டுவந்தவர்கள் மூளைக்கு வேலை தரும் பயிற்சிகளை நன்றாகச் செய்தார்கள். பிறகு அதே சோதனையைச் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனால் போனை அடுத்த அறையில் வைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. வீட்டுத்திட்ட வீட்டில் எத்தனை அறைதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். குசினித் தட்டில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வையுங்கள், போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கொடுக்கலாம்?

ஐந்து வயதுக்குக் கீழே தெளிவான கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி ஒரு வயதும் அதற்குக் குறைந்ததுமான குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஆகக்கூடியது ஒரு மணித்தியாலம், அதிலும் குறைவென்றால் நல்லது. சோறு தீத்தும்போது போனைக் காட்டுகிற தாய்மாரே, உங்களுக்கும் இதுதான். இரண்டு நாள் அழும், பிறகு சாப்பிடும்.

பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்த நிறுவனம் மணிக்கணக்குச் சொல்லவில்லை. குறையுங்கள் என்கிறது, அதோடு நாளுக்கு 60 நிமிடம் உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது. அதனால் நான் மணிக்கணக்கை நித்திரையிலிருந்து தொடங்குவேன். அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகத்தின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணித்தியாலம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம்.

இதை எங்கள் பக்கத்து நேரத்தில் போட்டுப் பாருங்கள். பாடசாலை ஏழரைக்கு. துணுக்காய், முழங்காவில் போன்ற இடங்களில் உட்கிராமங்களிலிருந்து வரும் பிள்ளை ஆறரைப் பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கு எழும்ப வேண்டும். பத்து வயதுப் பிள்ளை என்றால் இரவு எட்டரைக்குப் படுத்தால்தான் 9 மணித்தியாலம் வரும். ரியூசன் முடிந்து, குளித்து, சாப்பிட்டு, வீட்டுவேலை செய்து எட்டரை. மிச்சம் இருக்கிற நேரம் எவ்வளவோ, அதற்குள் வருவதுதான் போன் நேரம். சில நாள் அரை மணித்தியாலம் வரும். சில நாள் ஒன்றுமே வராது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடவே வரட்டும்.

படுக்கையில் போன் வேண்டாம். இதில் மட்டும் நான் பேரம் பேசுவதில்லை. காலை இரண்டாம் பாடத்தில் மேசையில் தலை சாய்க்கிற பிள்ளைகளை எழுப்பிக் கேட்டால், அநேகமாகப் போர்வைக்குள் போன் இருந்திருக்கும். நித்திரை இல்லாத பிள்ளைக்கு ஊக்கம் எங்கிருந்து வரும்?

வீட்டில் ஒரே ஒரு போன். வகுப்புக் குழு, வெளிநாட்டு அழைப்பு, காசு வந்த செய்தி எல்லாம் அதில்தான். எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஒரு போன்தான் என்பது உங்களுக்குச் சாதகம். தனிப் போன் இருக்கிற பிள்ளையிடம் இருந்து அதை வாங்குவது சண்டை. வீட்டுப் போனுக்கு வீட்டு நடைமுறை வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

எங்கள் பெற்றோர் சிலர் செய்து, பலன் கண்ட முறை இது. வகுப்புக் குழுவில் வீட்டுவேலை வந்தால், பிள்ளை அதைப் பார்த்துக் கொப்பியில் கையால் எழுதிக்கொள்ளும். எழுதி முடிந்ததும் போன் அம்மாவிடம் வந்துவிடும். படிப்பு அதன் பிறகு கொப்பியில் நடக்கும். போனைப் பார்த்துப் பார்த்துச் செய்தால் ஐந்து நிமிட வேலைக்கு ஒரு மணித்தியாலம் போன் கையில் இருக்கும், இடையில் என்னென்ன திறபட்டது என்று யாருக்கும் தெரியாது. வீடியோப் பாடம் என்றால் முதலே இறக்கி வைத்துவிட்டு டேட்டாவை நிறுத்திக் கொடுங்கள். இறக்கின பாடம் ஓடும், "டிங்" வராது.

ரீலோட் விசயத்திலும் ஒரு வழி உண்டு. மாதம் முழுவதற்கும் பெரிய பக்கேஜ் போட்டால் அது முடியும்வரை பார்க்கத்தான் தோன்றும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். சமூக ஊடகப் பக்கேஜ் மலிவு என்று அதைப் போட்டுவிட்டு, "இவன் எந்த நேரமும் பேஸ்புக்" என்று முறைப்பாடு சொல்ல வராதீர்கள். கூகுளின் ஃபமிலி லிங்க் செயலி வைத்து நேரம் கட்டலாம், இலவசம். ஆனால் அது பிள்ளைக்குத் தனிக் கணக்கு இருக்கும் போனுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். பொதுப் போனில் உங்கள் கண்தான் செயலி.

தாய் வெளிநாட்டில் வேலை. பிள்ளை அம்மம்மாவோடு. அம்மம்மாவுக்குப் போனில் ஒன்றும் தெரியாது. என்ன செய்யலாம்?

வன்னியில் இது அபூர்வமான வீடு இல்லை. போர் தின்ற குடும்பங்கள், பிறகு கடன் தின்ற குடும்பங்கள். குவைத்திலோ சவுதியிலோ இருக்கிற தாய்க்குப் பிள்ளையின் முகம் தெரிவதே அந்தப் போனில்தான். அதை எடுத்து ஒளித்து வை என்று யாரும் சொல்ல முடியாது.

அம்மம்மாவுக்குச் செயலிகள் தெரியத் தேவையில்லை. "எட்டரைக்குப் போன் சாமித்தட்டுக்குப் போகும், விடியத்தான் எடுக்கலாம்" என்பதைச் சொல்லி, அந்தச் சொல்லில் நிற்கத் தெரிந்தால் போதும். ஆனால் அந்தச் சட்டத்தைச் சொன்னது தாய் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அம்மம்மாவின் சொல் நாலு நாளில் தேய்ந்துவிடும். அழைப்பு எடுக்கும்போது தாய் பிள்ளைக்கு முன்னால் அம்மம்மாவிடமே கேட்கட்டும்: "நேற்று எட்டரைக்கு வைச்சவனோ அம்மா?"

தாய்மாருக்கு இன்னொன்றும் சொல்வேன். அழைப்பில் "படிச்சியா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் வரும், அதோடு கதை முடிந்தது. "இண்டைக்கு எழுதின கொப்பியைக் கமராவில் காட்டு பார்ப்பம்" என்று கேளுங்கள். எந்தக் கணக்குக் கஷ்டம் என்று கேளுங்கள். உங்களுக்கு அந்தக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை உங்களுக்கு விளங்கப்படுத்தட்டும். விளங்கப்படுத்தும்போது அதற்கே விளங்கும். நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து ஒருவர் தன் கொப்பியைப் பார்க்கிறார் என்பதற்காகவே வடிவாக எழுதும் பிள்ளைகளை நான் பார்க்கிறேன். போன் படிப்புக்கு உதவிய கதைகளில் எனக்கு ஆகப் பிடித்தது இதுதான்.

கனடா மாமா சொல்லியிருக்கிறார்: ஓ.எல்லில் 9 ஏ (ஒன்பது பாடத்துக்கும் ஏ) எடுத்தால் ஐபோன். நல்ல ஊக்கம்தானே?

மாமாவின் அன்பில் குறையில்லை. ஆனால் 1973இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துச் சிறுவர் பள்ளியில் நடந்த சோதனையை மாமாவுக்குச் சொல்லுங்கள். படம் கீற விருப்பமான சின்னப் பிள்ளைகளில் ஒரு குழுவிடம், கீறினால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்து விருப்பம்போல் விளையாட விட்டபோது, முன்கூட்டிச் சொல்லப்பட்ட குழு மற்றவர்கள் கீறியதில் கிட்டத்தட்டப் பாதி நேரம்தான் படம் கீறியது. விருப்பத்துக்குச் செய்த வேலை கூலிக்குச் செய்கிற வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் பெற்றவர்களுக்கு அந்தக் கெடுதல் வரவில்லை.

9 ஏ பேரத்தில் இன்னொரு பொல்லாப்பு. முதல் தவணையில் கணிதத்துக்கு 40 எடுத்த பிள்ளைக்கு ஐபோன் இல்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பிறகு ஏன் படிக்க வேண்டும்? ஏற்கெனவே 9 ஏ எடுக்கக்கூடிய பிள்ளைக்கு அந்த ஐபோன் தேவையுமில்லை. மாமாவுக்குக் கொடுக்க ஆசையென்றால் சோதனை முடிந்தபிறகு, என்ன பெறுபேறு வந்தாலும், சொல்லாமல் கொடுக்கட்டும். ஐபோனுக்குப் பதில் ஒரு நல்ல சைக்கிள் என்றால் நான் இரண்டு கையும் தூக்குவேன்.

யூரியூப்பில் படிக்கிறேன் என்கிறாள். அது படிப்பா?

ஆகலாம். உயர்தரக் கணிதம், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாமல் பல பாடசாலைகள் திணறுகிற இடம் இது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற நல்ல ஆசிரியரின் பாடம் மல்லாவியில் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிறது என்றால் அதைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்திலும் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன.

பிரச்சினை, பார்ப்பது விளங்கியது போலத் தோன்றுவதில். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு திரும்பத் திரும்ப வாசித்தது. மற்றக் குழு ஒருமுறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதி எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு. ஒரு கிழமை கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் ஞாபகம் இருந்தது, வாசித்தவர்களுக்கு 40. ஓ.எல் சோதனை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே பிள்ளை வீடியோ பார்த்து முடிந்ததும் போனை மூடிவிட்டு, என்ன சொன்னார்கள் என்று அரைப் பக்கம் எழுதட்டும். எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி பார்க்கட்டும். பிறகு கடந்தகால வினாத்தாளில் அந்த அலகுக் கேள்வி ஒன்று. இந்த மூன்றும் நடந்தால் அது படிப்பு. காதில் மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்து பார்த்தால், அதை நாடகம் பார்த்த கணக்கில்தான் சேர்க்கலாம்.

எந்த நேரமும் போனில் ஃப்ரீ ஃபயர் விளையாட்டு. அடிமையாகிவிட்டானா?

பெரும்பாலும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளம்: நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாதல், கேடு தெரிந்தும் தொடர்தல். இது சாதாரணமாக 12 மாதம் நீடித்து, படிப்பையும் வீட்டையும் நன்றாகக் குலைத்திருந்தால்தான் அந்தப் பெயர். லீவில் நாலு நாள் விடிய விடிய ஆடினதற்கு அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

அந்த விளையாட்டு அவனுக்கு என்ன கொடுக்கிறது என்று பாருங்கள். தன் முடிவைத் தானே எடுக்கிறான், கெட்டிக்காரன் என்று உடனே தெரிகிறது, கூட்டாளிமார் கூட இருக்கிறார்கள். மனிதனுக்கு ஊக்கம் வருவது இந்த மூன்றிலிருந்துதான் என்று டெசி, ரயன் என்ற உளவியலாளர்கள் நெடுங்காலமாக எழுதி வந்தார்கள். வகுப்பறையில் இந்த மூன்றில் எது அவனுக்குக் கிடைக்கிறது? கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கு அநேகமாக ஒன்றும் இல்லை. போனை மட்டும் பறித்தால் இருந்த ஒன்றையும் பறித்ததாகும். பின்னேரம் ஒரு கரப்பந்தாட்ட அணி, பாடசாலை பான்ட், ஒரு மாட்டுக்கன்று அல்லது கோழிக்கூட்டின் முழுப் பொறுப்பு என ஏதாவது அவன் கெட்டித்தனம் தெரிகிற இடமாகக் கொடுத்துவிட்டு நேரத்தைக் குறையுங்கள்.

உண்மையிலேயே எல்லை மீறிவிட்டது, சாப்பாடு இல்லை, பாடசாலைக்குப் போவதில்லை, போனைக் கேட்டால் அடிக்கிறான் என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். ஐயர், மந்திரம், நூல் கட்டுவது எல்லாம் உங்கள் விருப்பம், ஆனால் அதற்காக வைத்தியரிடம் போவதைப் பிந்த விடாதீர்கள்.

பொம்பிளைப் பிள்ளைக்குப் போன் கொடுக்கப் பயமாக இருக்கிறது.

பயம் விளங்குகிறது. ஆனால் அதே வீட்டில் தம்பியின் கையில் போன் இருக்கும், அக்கா வகுப்புக் குறிப்புக்காக அவனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பாள். உயர்தரம் படிக்கிற அக்கா. இது படிப்புப் பிரச்சினைதான்.

மறைத்துப் பாவிக்கிற பிள்ளைக்குத்தான் ஆபத்துக் கூட. யாராவது படத்தை வைத்து வெருட்டினால் அவளால் வீட்டில் சொல்ல முடியாது, சொன்னால் போன் போகும், ரியூசன் போகும், சிலவேளை பாடசாலையே போகும். "என்ன நடந்தாலும் எங்களிடம் சொல், போனைப் பறிக்க மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்" என்ற வாக்கை முதலே கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். வெருட்டல் வந்தால் செய்திகளை அழிக்க வேண்டாம். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். அப்படி ஒரு பயத்தைத் தனியாகச் சுமக்கிற பிள்ளை வகுப்பில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாங்கள் அதைக் "கவனமில்லை" என்று அறிக்கையில் எழுதிவிடுகிறோம்.

சாட்ஜிபிடியிடம் கேட்டுக் கட்டுரை எழுதுகிறார்கள். தெரியுமா?

தெரியும். "எமது பாடசாலை" என்ற தலைப்புக்கு எங்கள் ஊரில் இல்லாத நூலகமும் நீச்சல் தடாகமும் கட்டுரையில் வந்தால் தெரியாமல் இருக்குமா?

கட்டுரையின் பயன் அது முடிந்த தாளில் இல்லை, முதல் வரி வராமல் பேனையைக் கடித்துக்கொண்டு இருக்கிற நேரத்தில்தான் இருக்கிறது. அந்த நேரத்தை இயந்திரம் எடுத்துக்கொண்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது கையெழுத்துப் பயிற்சி மட்டும். தான் எழுதாததற்குக் கிடைத்த 80 புள்ளி யாருக்கும் ஊக்கம் தராது, அடுத்தமுறை இன்னும் பயம்தான் தரும். ஆனால் எழுதி முடித்தபிறகு "இதில் என்ன பிழை, விளங்கப்படுத்து" என்று கேட்பது வேறு விசயம், கேட்கலாம். பதில் பிழையாகவும் இருக்கும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பாடசாலையில் போனை முற்றாகத் தடைசெய்தால் சரிவராதா?

மாணவர் போன் கொண்டுவரக் கூடாது என்பதுதான் எங்கள் பக்கத்து நடைமுறை, அது நல்லதுதான். இங்கிலாந்தில் தடை வந்த பாடசாலைகளில் புள்ளி ஏறியது, குறிப்பாகப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. சுவீடனில் 2020இல் அதேபோல் பார்த்தபோது மாற்றம் காணவில்லை. பல நாடுகளின் 15 வயது மாணவர்கள் எழுதும் பீசா பரீட்சையில், 2022ஆம் ஆண்டு, கணித பாடத்தில் மின்கருவிகளால் கவனம் கலைகிறது என்று மாணவர்களில் 65 சதவீதமானோர் சொன்னார்கள். அதே பரீட்சையில், பாடசாலையில் படிப்பதற்காக நாளுக்கு ஒரு மணித்தியாலம் வரை கருவி பாவித்தவர்கள் ஒன்றுமே பாவிக்காதவர்களைவிட 14 புள்ளி கூட எடுத்தார்கள். இலங்கை அதில் பங்கெடுக்கவில்லை, ஆனாலும் எனக்கு அது நம்பக்கூடியதாகத்தான் படுகிறது. எங்கள் பிள்ளைகள் பாடசாலையில் இருப்பது ஆறு மணித்தியாலம். மிச்சப் பதினெட்டுக்கும் தடை போட அதிபருக்கு அதிகாரமில்லை.

கண் பழுதாகிவிடுமா?

கிட்டத்தில் பார்ப்பது கூடி, வெளிவெளிச்சத்தில் நிற்பது குறைந்தால் கிட்டப்பார்வை வரும் சாத்தியம் கூடுகிறது. வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, பின்னேரம் வெளியே விடுங்கள். பிள்ளை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது என்றால் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். பலகையில் உள்ள எழுத்துக் கண்ணுக்குத் தெரியாத பிள்ளைக்கும் "கவனமில்லை" என்ற பட்டம்தான் கிடைக்கும்.

போனைக் குறை என்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வீட்டுவேலை அனுப்புவது நீங்கள்தானே, ரீச்சர்?

ஒரு தாய் கூட்டத்தில் எழும்பி இதைக் கேட்டபோது எங்கள் பக்கத்து வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வி நியாயமானது. பகல் முழுக்கப் படிப்பித்துவிட்டு, வீட்டு அலுவல் முடித்து, ஆசிரியருக்கு நேரம் கிடைப்பது பத்து மணிக்குத்தான் என்பதும் உண்மை. இரண்டுக்கும் இடையில் பிள்ளை விழித்திருக்கிறது.

பிறகு எங்கள் ஆசிரியர்கள் சிலர் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறோம். வீட்டுவேலை வகுப்பிலேயே கரும்பலகையில் எழுதிக் கொடுக்கப்படும். குழுவில் போவது வராத பிள்ளைகளுக்கான பிரதி மட்டும், அதுவும் பின்னேரம் ஆறு மணிக்கு முன்னர். ஆறுக்குப் பிறகு வந்தால் அது அடுத்த நாள் வேலை. குழுவில் "குட் மோர்னிங்" படம், பூங்கொத்து, பிறந்தநாள் வாழ்த்துப் போடுவதில்லை. இதை ஒத்துக்கொள்ள வைக்கத்தான் ஆக நாள் எடுத்தது. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் இப்படி ஒன்று இல்லையென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது, கூட்ட அறிக்கையில் ஏறும்.